பூட்டியிருந்த துவக்கு

சிவமயம்

டார்ம்ஸ்டாட்
2009 மாசி 22, ஞாயிறு

தம்பி தம்பித்துரை அறிய, உன் அக்கா கமலநாயகி எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ எப்படி என்று கேட்க வேண்டிய இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அரைநாள் பேனையோடு இருந்தேன். நாற்பது வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் கூட்டி வாசி.

மார்கழியில் சண்டைக்குப் பயந்து வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டாய், பிறகு தர்மபுரம், பிறகு விசுவமடு என்று கேள்வி. அதற்குப் பிறகு கேள்வியும் இல்லை. வவுனியாவில் வின்சன்ற் பாதர், வந்து சேரும் சனத்தின் பெயர்களை எழுதி வைக்கிறார். மகள் கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுத்துக் கேட்கிறாள். தம்பித்துரை என்ற பெயரில் ஆறு பேர் வந்திருக்கிறார்களாம். ஒருவருக்கும் இடது காதில் தழும்பு இல்லை. அந்தத் தழும்பு என் பல். உனக்கு ஆறு வயது, என் பங்குப் பனங்காய்ப் பணியாரம் நாலையும் தின்றதற்குக் கடித்தேன். இப்போது உன்னை அடையாளம் பிடிக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

நான் மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். 2003இல், சண்டை நின்றிருந்த காலத்தில், மகள் உன்னிடம் வந்தபோது ஒரு போத்தல் தேன் கொடுத்துவிட்டாய். நான் தொட்டும் பார்க்கவில்லை. பேத்தி தர்மிகாதான் பாணில் பூசித் தின்று முடித்தாள். தேனோடு நீ சொல்லிவிட்ட ஒரு சொல்லையும் மகள் கொண்டுவந்தாள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இங்கே எங்களுக்குக் கீழ்வீட்டில் கெல்லர் என்று ஒரு கிழவி. என்னைவிட இரண்டு வயது மூப்பு. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜேர்மன்காரரின் டொச் அரைகுறை, ஆனாலும் பின்னேரங்களில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிப்போம். புருசன் வேட்டைக்காரன், ஐப்பசியில் மோசம் போய்விட்டான். இந்த நாட்டில் ஆள் செத்தால் துவக்கை அப்படியே வீட்டில் வைத்திருக்க ஏலாது. விலை மதிக்கத் துவக்குக் கடைக்காரர் ஒருவரை வரச்சொல்லி நாள் குறித்து டெர்மின் எடுத்துவிட்டு, தனியே இருக்க மனமில்லாமல் என்னையும் தர்மிகாவையும் கூப்பிட்டாள். அந்தத் துவக்கை விற்றால் ஒரு கார் வாங்கலாம் என்று புருசன் சாகும்வரை சொன்னானாம்.

இரும்பு அலுமாரியைத் திறந்தார்கள். இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில், வாதுமைக் கட்டை, பக்கத் தகட்டில் இலை இலையாகச் செதுக்கல். எங்களைப் பெற்ற ஐயாவின் பெல்ஜியம் துவக்கு எழுந்து இங்கே வந்துவிட்டது போல. குழலைக் கழற்றி அடியைப் பார்க்கச் சொல்லு, முட்டை வட்டத்துக்குள் மூன்று இங்கிலீசு எழுத்து இருக்கும், வட்டத்தின் தலையில் ராசாவின் முடி இருக்கும் என்று தர்மிகாவிடம் சொன்னேன். இருந்தது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இந்த மனிசி எந்தக் காட்டில் வேட்டையாடினவள் என்று கேட்டாராம். காடு இல்லை, வயல், பன்றிக் காவல் என்று சொல்லச் சொன்னேன்.

அவர் மதித்த விதம் ஐயாவைப் போலவே இருந்தது. குழலை ஒரு விரலில் தூக்கித் தொங்கவிட்டு முட்டியால் தட்டினார். நல்ல குழல் கோயில் மணி மாதிரி இழுக்கும், உனக்குத் தெரியும். இது உடைந்த சட்டி மாதிரிச் சத்தம் போட்டது. இரண்டு குழலையும் சேர்த்த ஈயம் விட்டுப்போயிற்றாம். யன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார், துரு தின்ற பள்ளங்கள். குழலைத் திரும்பப் பொருத்தி ஆட்டினார், மடிக்கும் இடத்தில் கடகடத்தது. கெல்லரின் முகம் ஒவ்வொன்றுக்கும் விழுந்துகொண்டே போனது.

பிறகு பொய்த் தோட்டா இரண்டைப் போட்டு மூடினார். தவறி வெடிக்காமல் இருக்கப் போடும் காப்புப் பூட்டைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டினார். விசையில் விரலே வைக்காமல், துவக்கை நிமிர்த்தி, அடிக்கட்டையைக் கம்பளத்தில் ஒருக்கால் இடித்தார்.

டக் என்றது.

நான் தர்மிகாவின் கையைப் பிடித்து, பூட்டு முன்னுக்குப் போய்விட்டதா என்று கேட்கச் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள். "பூட்டித்தான் இருக்கு, அம்மம்மா" என்றாள்.

அந்தப் பூட்டு விசையை மட்டும்தான் பிடிக்குமாம். உள்ளே அடிக்கிற சுத்தியலைப் பிடிக்காதாம். சுத்தியலைத் தாங்கும் சின்னப் பல் தேய்ந்தால், பூட்டியிருந்தாலும் ஓர் இடிக்குத் தட்டிவிடுமாம். அடித்தகட்டைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். விசை இலேசாக வரட்டும் என்று யாரோ அரத்தால் அராவியிருக்கிறார்கள் என்றார்.

தம்பி, எங்கள் துவக்கை ஐயா அராவுவித்தார். 1968 ஆவணியில், விரல் ஏலவில்லை, விசை இறுக்கம் என்று கிளிநொச்சிக் கொல்லனிடம் கொண்டுபோனார். நான்தான் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் வெறும் துவக்கு வண்டிலில் குலுங்கி டக் என்றது. ஐயா சிரித்தார். இதையெல்லாம் நினைவில் வைத்திருந்தவள் ஒருநாளும் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

இனி எழுதுவதை இருந்து வாசி.

1969 தை 24, வெள்ளிக்கிழமை. விடியப் பன்றிக் காவலால் வந்தாய். நான் வெள்ளிக்கிழமை என்று சாணம் போட்டு மெழுகிவிட்டு நிமிர, சேற்றுக் காலோடு ஏறி, துவக்கை ஈர நிலத்தில் சாத்திவிட்டு உள்ளே போய் விழுந்து நித்திரை. என் வீட்டுக்காரர் வெளியே ஏணியில் நின்று தாழ்வாரத்துக்கு ஓலை செருகினார். எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் துவக்கைத் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத் தூணடியில் இடித்து வைத்தேன். மெல்ல வைக்கவில்லை. இடித்து வைத்தேன்.

வெடி பட்டு அவர் ஏணியடியிலேயே முடிந்துபோனார். துவக்கு தானாகச் சறுக்கி விழுந்தது என்று உனக்கும் சொன்னேன், பொலிசுக்கும் சொன்னேன். நீதவானுக்கு முன்னால் சத்தியம் பண்ணி, பூட்டு முன்னுக்குத் தள்ளியிருந்ததைக் கண்ணால் கண்டேன் என்றேன். நான் பார்க்கவேயில்லை. நீ பூட்டாமல் விட்டபடியால்தான் வெடித்தது, என் கை பட்டது பெரிதில்லை என்று எனக்குள்ளே முடிவு கட்டிவிட்டேன். கூண்டுக்குள் நின்று என் முகத்தைப் பார்த்து நீ ஒன்றுதான் சொன்னாய்: "அக்கா, நான் பூட்டினனான்." நான் மற்றப் பக்கம் திரும்பினேன். இரண்டு வருட மறியல். நீ வெளியே வருவதற்குள் பரந்தனுக்கு பஸ் ஏறிப் போய், உனக்குப் பேசியிருந்த அம்பிகாவின் தாய்தகப்பனிடம் கொலைகாரனுக்குப் பெண் கொடுக்கப் போகிறீர்களோ என்று கேட்டவளும் நான்தான். அதற்குப் பிறகு நீ ஒருத்தியையும் பார்க்கவில்லை. இன்று உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று பாதர் கேட்டபோது மகளுக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை.

தேனோடு நீ சொல்லிவிட்ட சொல் இது: அக்கா சொன்னது சரியாகத்தான் இருக்கும், நான் பூட்டாமல்தான் படுத்திருப்பேன். அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறு வருடம் அந்த ஆறுதலோடு நன்றாக நித்திரை கொண்டேன்.

நீ பூட்டினாய். தோட்டாவைக் கழற்றாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தது உன் பிழை, அதை நான் செத்தாலும் விடமாட்டேன். ஆனால் பூட்டினாய்.

கெல்லரின் துவக்குக்கு விலை இல்லை. குழலை அடைத்துச் சுவரில் மாட்டலாம், சுடக் கொடுத்தால் தனக்குத்தான் பாவம் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போய்விட்டார். கெல்லர் அழுதாள். நானும் அழ, தன் காருக்காக அழுகிறேன் என்று நினைத்து எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளுடைய தகப்பன் அல்லவா. முதலில் உனக்கு.

இந்தக் கடிதத்தைப் பாதருடைய விலாசத்துக்கு அனுப்புகிறேன். போய்ச் சேர மூன்று கிழமை எடுக்கும் என்கிறார்கள். மூன்று கிழமையில் அங்கே என்ன மிஞ்சும் என்று ரீவீயில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்குத் தனியாக ஒரு துண்டு வைத்திருக்கிறேன். ஏழாவது தம்பித்துரை வந்தால் முதலில் காதைப் பார்க்க வேண்டும். தழும்பு இருந்தால், வாசிக்க ஏலாத நிலையில் இருந்தாலும், கண் திறக்காமல் இருந்தாலும், காதுக்குள் குனிந்து சொல்லிவிட வேண்டும்: "நீர் பூட்டினனீர். அக்கா சொல்லச் சொன்னவ."

பதுங்கு குழிக்குள் தண்ணீர் நின்றாலும் அதற்குள்ளேயே கிட. நிமிராதே. பிள்ளையார் உன் தலைமாட்டில் நிற்கட்டும். வந்து என்னை ஏசு, எவ்வளவும் ஏசு. இந்த முறை மற்றப் பக்கம் திரும்பமாட்டேன்.

இப்படிக்கு,
பொய்ச்சத்தியம் பண்ணிய உன் அக்கா
கமலநாயகி