வருகைப் பதிவேட்டில் முப்பத்தொன்பதாவது பெயர்

1978 ஜூலை 3, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மலை உச்சியில் மேகம், கீழே ஒரு சொட்டுகூட இல்லை. கால் வீக்கம் ஜாஸ்தி. ஒன்பதாவது மாதம் பிறந்து ஐந்து நாள்.

பள்ளியில் வருகைப் பதிவேட்டுக்கு ஜூலைப் பக்கம் எழுதினேன். மூன்றாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பெயர். அண்ணாமலை நான்கு, அருணாசலம் மூன்று, உண்ணாமலை இரண்டு. இந்த ஊரில் பிள்ளை பெறுகிறவர்களுக்கு வேறு பெயரே தோன்றாதா?

அத்தை இன்றும் ஆரம்பித்தார். "பொறந்ததும் குப்பையில ஒரு பொரட்டு பொரட்டி, எதிர் வூட்டுக்காரி கையில குடுத்துடணும். அப்புறம் ஒரு படி தவிட்டக் குடுத்து திரும்ப வாங்கிக்கணும். குப்பம்மான்னு கூப்பிடணும். அப்பதான் எமன் இது யாரோ வேணாம்னு போட்டதுன்னு வுட்டுட்டுப் போவான்." எதிர்வீட்டுக்காரியிடம் பேசியும் வைத்துவிட்டாராம்!

நான் கேட்டது இவ்வளவுதான்: "போன ரெண்டும் ஏன் நிக்கல அத்தை?"

"ஆசை ஆசையா பேரு வெச்சே இல்ல, அதான்."

முதலாவது பையன், பதினோரு நாள். அவனுக்குப் பெயரே வைக்கவில்லை. அத்தைக்கு அது மறந்துவிட்டது. இரண்டாவது கயல்விழி. மூன்று மாதம்.

இவளுக்கு (பெண்தான், எனக்குத் தெரியும்) பெயர் தயார். ட்ரெயினிங் படிக்கும்போது அகராதியில் பார்த்துப் பிடித்து வைத்தது. ஏழு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. கயலுக்கே வைக்கவில்லை. இன்னொன்று பிறக்கும், அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று கஞ்சத்தனம். பாவி நான்.

நித்திலா.

அத்தைக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்காரருக்கு டிக்கெட் கிழிப்பதைத் தவிர வேறு காகிதம் ஆகாது. செங்கம் பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. எனவே இங்கே எழுதலாம்.

ஜூலை 4, செவ்வாய்

எப்படி எழுதுவது இதை.

நேற்று முப்பத்தெட்டுப் பெயரும் எழுதி முடித்த பின், கீழே பென்சிலால் '39. நித்திலா' என்று எழுதிப் பார்த்தேன். வரிசையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, அவ்வளவுதான். அழிப்பதற்குள் பெரிய டீச்சர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

இன்று காலை ஆஜர் எடுத்தேன். வாய் பழக்கத்தில் படித்துக்கொண்டே போனது. முப்பத்தேழு, உள்ளேன் டீச்சர். முப்பத்தெட்டு, உள்ளேன் டீச்சர். அடுத்ததையும் படித்துவிட்டேன். சத்தமாக. முதல் தடவையாக என் வாயால்.

பதில் இல்லை. பிறகு வகுப்பு மானிட்டர் செல்வி எழுந்து, "வரலைங்க டீச்சர்" என்றாள். யார் வராவிட்டாலும் அவள்தான் சொல்வாள். பின்னாலேயே மொத்தப் பிள்ளைகளும், "வரலைங்க டீச்சர்!"

கையும் பழக்கத்தில் எதிரே ஆப்சென்ட் போட்டுவிட்டது. மையில்.

பெயரை ரப்பரால் அழித்தேன். ஆப்சென்ட் அழியவில்லை. ஈரத் துணியால் தேய்த்துக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. நான் படித்தவள், சகுனம் பார்க்கிறவள் இல்லை. மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன் இதை. பயம் போகவில்லை.

ஜூலை 6, வியாழன்

ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். லீவு போடச் சொல்கிறார் டாக்டரம்மா. இருபத்தோராம் தேதியிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகள் விடுவதாக இல்லை. "அந்த நித்திலா எப்ப டீச்சர் வருவா?" "எந்த ஊரு டீச்சர்?" அப்படி யாரும் இல்லை என்று அதட்டினேன். அதட்டியதும் எனக்கே திக்கென்றது. யாரும் இல்லை என்றா சொன்னேன்? இந்த வாயை என்னதான் செய்வது.

ஆஸ்பத்திரிக்கு: பழைய வேட்டித் துண்டு 4, சேலை 2, டம்ளர், பிளாஸ்க், விளக்கெண்ணெய். குழந்தைச் சட்டை எடுத்து வைக்கவில்லை. போன தடவை எடுத்து வைத்தேன்.

ஜூலை 10, திங்கள்

செல்வி வகுப்புக்கு வந்ததும் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். எனக்கு இரண்டு.

"எங்க பாப்பாவுக்கு நேத்து பேரு வெச்சுட்டாங்க டீச்சர்."

"என்ன பேரு?"

"நித்திலா! நான்தான் சொன்னேன்."

மிட்டாய் வாயில் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஏழு வருஷம்! ஒரு வார்த்தையை நாய்க்குட்டி மாதிரி மடியில் மறைத்து வளர்த்திருக்கிறேன். அதை ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து முடித்துவிட்டார்கள். திருட்டு என்று கத்த வேண்டும் போல. யாரிடம் கத்த?

ஜூலை 11, செவ்வாய்

பள்ளி விட்டதும் செல்வி வீட்டுக்குப் போனேன். பெயரைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன், மறைப்பானேன்.

அவள் அம்மா பச்சையம்மா, கோயில் வாசலில் கற்பூரமும் விளக்கும் விற்கிறவள். பிள்ளைபெற்ற வீட்டில் பூண்டு வாசனை. பழஞ்சேலையில் தூளி. "வாங்க டீச்சர், வாங்க. இன்னா இந்த வெயில்ல, மாசமா இருக்கறவங்க!" பாய் போட்டாள், விசிறினாள்.

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். இந்தப் பெயர் கூப்பிடக் கஷ்டம், வேறு நல்ல பெயராக நானே சொல்கிறேன் என்று.

"போங்க டீச்சர்! எங்க ஜனத்துல யாருக்குங்க இப்டி ஒரு பேரு கீது? தெருவுல அண்ணாமலைன்னு கூப்ட்டா ஆறு பேரு திரும்பறான். என் பொண்ணைக் கூப்ட்டா என் பொண்ணு மட்டும்தான் திரும்பும்."

நான் ஏழு வருஷமாக நினைத்ததை அப்படியே சொல்கிறாள். எழுந்து வந்துவிட்டேன். குழந்தை கறுப்பு, நிறையத் தலைமுடி. அழகுதான்.

ஜூலை 14, வெள்ளி

காற்று. தெருவெல்லாம் புழுதி.

தினமும் செல்வியைக் கேட்கிறேன், பாப்பா எப்படி இருக்கிறது என்று. பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, வெளிக்குப் போகிறதா. அவளுக்கு ஒரே பெருமை, டீச்சர் தன்னிடம் பேசுகிறார் என்று.

இன்று பாத்திரம் விளக்கும்போது உறைத்தது, எதற்காகக் கேட்கிறேன் என்று. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பெயரில் தோஷம் இல்லை. வேறொருத்தி பிள்ளை மேல் வைத்துச் சோதனை பார்க்கிறேன். அத்தையைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர் தவிடாவது கொடுக்கச் சொல்கிறார்.

சீ.

ஜூலை 18, செவ்வாய்

செல்வி வரவில்லை. "வரலைங்க டீச்சர்" என்று சொல்லவும் ஆள் இல்லை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சொன்னது: "அவுங்க பாப்பாவுக்கு ஜுரம் டீச்சர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க."

நான்கு கணக்குப் போட்டேன் போர்டில், நான்கும் தப்பு.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இன்னாடி ஆச்சு வசந்தா?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெயரையும் சேர்த்து. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கயலுக்கும் ஜுரம்தான்" என்றார். அத்தோடு போய்ப் படுத்துவிட்டார்.

நித்திலா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்த நித்திலா என்று சாமிக்குச் சொல்லவில்லை.

ஜூலை 19, புதன்

மத்தியான மணி அடித்ததும் பள்ளி கேட்டில் பச்சையம்மா. தலை வாரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள். குழந்தை அங்கே அவள் அக்காளிடம்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அந்த அட்டென்டன்ஸ்ல இருந்த பொண்ணு யாரு?"

அவளை நிழலுக்கு இழுத்தேன்.

"ஒரு நாளு பேரு கூப்ட்டீங்களாம். வரலியாம். அப்புறம் பேரையே அழிச்சுட்டீங்களாம், செல்வி சொல்லுது. ஆஸ்பத்திரியில ஒருத்தி சொல்றா, செத்துப்போன புள்ள பேரை வெச்சுக்கினியேடின்னு. மெய்யா டீச்சர்? அந்தப் பொண்ணு செத்துப்போச்சா? அப்டின்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னிக்கே பேரை மாத்திடறேன்."

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பெயர் அப்படியே என் கைக்குத் திரும்பி வந்திருக்கும். அவளே கொண்டுவந்து நீட்டுகிறாள். பாவம்கூட இல்லை, அவள் மனசுக்கும் நிம்மதி. வாய் திறந்தேன், சத்தியமாக. ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தேன்.

நித்திலா செத்துவிட்டாள் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

"உயிரோட இருக்கா. நல்லா இருக்கா" என்றேன்.

"எங்க டீச்சர் இருக்கா?"

"எங்க வீட்லதான். சொந்தம். இந்த வருஷம் ஸ்கூல்ல சேர்க்கல."

"நல்லா கீறாளா? ஜுரம் கிரம் ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. குண்டா இருக்கா. நீ பயப்படாம போ. பேரை மாத்தாத."

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள். நல்ல மனசில் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. பயம்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 20, வியாழன்

விடிந்ததிலிருந்து இடுப்பு வலி. முதலில் விட்டு விட்டு, இப்போது நெருக்கமாக. பத்து நாள் முன்னால். அத்தை எதிர்வீட்டுக்கு ஓடினார். வீட்டுக்காரர் பஸ்ஸுக்குப் போகவில்லை, ஜட்கா வண்டி பார்த்து வரப் போயிருக்கிறார்.

செல்வி வந்து போனாள், அம்மா சொல்லி அனுப்பினாளாம்: பாப்பா ராத்திரி பால் குடித்தது. உங்க வீட்டு நித்திலாவுக்கும் ஒரு பொட்டலம் விபூதி.

பொட்டலம் இதோ மடியில் இருக்கிறது. யாருக்குப் பூச? அந்தப் பெயர் அவளுடையது, கொடுத்துவிட்டேன். இவளுக்கு வேறு பெயர் யோசிக்கவே இல்லை. ஏழு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. பயமாக இருக்கிறது, ரொம்பப் பயமாக இருக்கிறது. அத்தை குப்பையில் புரட்டட்டும், தவிட்டுக்கு விற்கட்டும், என்ன சொல்லி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். கூப்பிட ஆள் இருந்தால் போதும்.

ஜட்கா வந்துவிட்டது.