செக் பொயின்டில் சொன்னது

ஒருவனுடைய நோயைத் துவக்கோடு நிற்கும் ஆமிக்காரனிடம் சொல்வது அவனைக் காப்பாற்றுவதா, காட்டிக்கொடுப்பதா? இன்று காலையில் கொழும்பு வெள்ளவத்தை செக் பொயின்டில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்துப் பேக்கரியிலிருந்து மீன் அடைத்த மாலு பணிஸ் வாசனை வந்தது. உம்மிடம் அதைக் கேட்கத் திரும்பினேன். நீர் இறந்து ஒரு வருடமாகிறது.

நாம் இருவரும் மனநலக் கிளினிக்கின் கேஸ் மேனேஜர்கள். மருந்தை டொக்டர் எழுதுவார். அது ஆளிடம் போய்ச் சேர்ந்ததா, ஆள் சாப்பிடுகிறாரா, இங்கே தங்கும் தமிழருக்குக் கட்டாயமான பொலிஸ் பதிவு இருக்கிறதா என்று வீடு வீடாக அலைவது நம்முடைய வேலை. பல்கலைக்கழகத்தில் நான் படித்ததில் பொலிஸ் பதிவு இருக்கவில்லை. இங்கேயே கொட்டாஞ்சேனையில் பிறந்த உமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவுமில்லை.

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தமக்கை வீட்டில் தங்கியிருந்தான் குமரன். காதில் குரல்கள் கேட்கும் நாட்களில் யார் என்ன கேட்டாலும் வாய் திறக்கமாட்டான். செக் பொயின்டில் வாய் திறக்காத தமிழ் இளைஞனுக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால், அவன் தெளிவாக இருந்த ஒரு நாளில், பணிஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி அவனை அந்தச் செக் பொயின்ட் பக்கம் கூட்டிப்போனீர். நானும் வந்தேன். ஆமிக்காரனிடம் சிங்களத்தில் சிரித்துக் கதைத்து, "மே மல்லிட்ட அசனீபயி" என்றீர். இந்தத் தம்பிக்குச் சுகமில்லை. கூடவே விரலால் உமது நெற்றியைத் தொட்டும் காட்டினீர்.

குமரனுக்குச் சிங்களம் தெரியாது. விரல் விளங்கியது. பணிஸை என் கையில் வைத்தான்.

"இனி நான் இந்த றோட்டால எப்பிடியக்கா போறது?" என்று உம்மிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் நடந்தான்.

பஸ்ஸில் நாம் சண்டை பிடித்தோம். தமிழில் சத்தம் போடமுடியாததால் கிசுகிசுத்தே பிடித்தோம். முதலில் அவனிடம் கேட்டிருக்கவேண்டும் என்றேன்.

"கேட்டா வேண்டாமெண்டுதான் சொல்லுவான். பிறகு எந்தப் பொலிசில போய்த் தேடுவீர், கம்பஸ் அம்மா?"

அன்றிலிருந்து நான் ஆளிடம் கேட்கிறேன். வேண்டாம் என்றால் சொல்வதில்லை. ஆனால் அந்த ஆள் வீடு போய்ச் சேரும்வரை உம்முடைய கேள்வி என்னை இருக்கவிடுவதில்லை.

சண்டைக்கு அடுத்த நாள் குமரனுக்கு ஊசி போடும் நாள். தவறினால் குரல்கள் திரும்பிவிடும். கல்கிசைப் பக்கத்துக் கிளினிக் வாசலில் நாம் காத்திருந்தோம். பூட்டப்போகும் நேரம் வந்தான். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. செக் பொயின்ட் இருக்கும் காலி வீதியை விட்டுவிட்டு, ரயில் பாதையோடு கடற்கரையால் நடந்து வந்திருக்கிறான். அங்கே ஆமி கண்டிருந்தால் கேள்வி கேட்காமலே சுட்டிருக்கும். ஊசியைப் போட்டுக்கொண்டான். அடுத்தது எப்போது என்று என்னிடம் கேட்டான். உம்மைப் பார்க்கவில்லை. திரும்பவும் கடற்பக்கமாகவே இறங்கினான். நீர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனீர்.