வலை முடிச்சைக் குறை சொன்னவர்

அம்மாவுக்கு வணக்கம். டோக்கியோவில் குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு சந்தேகம்தான். கடைசி இடத்தில் கிடந்த என் மாங்கா படக்கதைத் தொடர், வாசகர் வாக்கில் திடீரென்று மேலே ஏறிவிட்டது. பத்திரிகை ஆசிரியர் நெமோதோ வாக்கு அட்டைகளை என் முன் கொட்டினார்.

"என்னப்பா, ஜப்பானே உங்க ஊர்லதான் குடியிருக்கா? எல்லாத்துலயும் ஒரே தபால் முத்திரை!"

போதாததற்கு, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே கருத்து: "கதாநாயகன் இளைச்சுட்டான், சாப்பாடு போடுங்க." உண்மையைச் சொல்லுங்கள், மீன் சந்தைப் பெண்களைக் கிளப்பிவிட்டது நீங்கள்தானே?

நெமோதோ அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே ஓர் அட்டையை எடுத்தார். அதுவும் நம் ஊர்தான். "மீனவன் கதையாம்! வலை முடிச்சே தப்பு. இதுல நெத்திலிகூட மாட்டாது."

"இவருதான் நிஜ வாசகர். இவருக்காகத் தொடரை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்றார் நெமோதோ.

நாள் முழுக்க வலை பின்னும் அப்பா, என் படங்களைத் தொடுவதே இல்லை என்றுதானே எழுதுகிறீர்கள்?

காய்ந்த கணவாயும் தடித்த காலுறையும் அனுப்புங்கள். வரைந்த பக்கங்களை வாங்க அச்சகத்து ஆள் வாசலில் நிற்கிறான். பொட்டலத்தை அப்பாவையே கட்டச் சொல்லுங்கள், அந்த வலை முடிச்சைச் சரியாகப் போட்டு.

மசாயோஷி