கத்தரிக்கோலுக்கு ஒரு பெட்டி

என் போனை எடுக்காதவர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தவளான என் மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். வீடும் சௌக்கியம், நான் எதையாவது கீழே போட்டால் மட்டும் சத்தம் கொடுக்கிறது. உன் சௌக்கியத்தை உன் அத்தை மூலமாகத்தான் தெரிந்துகொள்கிறேன். அதிலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்புகிறேன். இந்தக் கடிதத்தையும் கூடவே ஒரு பெட்டியையும் அவள்தான் கொண்டுவருகிறாள். உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் உனக்கு முன்னால் அவள் படித்திருப்பாள். (தங்கச்சி, மூட்டுவலித் தைலத்தை மறந்துவிட்டுப் போகாதே.)

போன தடவை உன்னைப் பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே செய்தி வாசித்தாள். நான் அனுப்பிய பார்சல்களெல்லாம் உன் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமலே கிடக்கின்றனவாம். ஏன் என்று கேட்டதற்கு, "அப்பா கட்டுன பார்சலப் பிரிக்கணும்னா கொத்தனாரத்தான் கூப்பிடணும் அத்தே" என்றாயாம். எனக்கு ஒரே சந்தோஷம். டேப்புதான் காரணம் என்றால், அது சரிசெய்யக்கூடிய கோளாறுதானே?

ஆகவே உன் அப்பன் படிக்கப் போகிறான். சிரிக்காதே. தெருமுனை அச்சகத்தின் மாடியில், மாலை நேரத்தில், பேக்கேஜிங் டிசைன் வகுப்பு. ஒரு பொருளுக்குப் பெட்டி செய்வதற்கும் இலக்கணம் உண்டு என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. சோப்புத் தயாரிக்கிற அம்மா ஒருவர், ஷூ பாலிஷ் தயாரிக்கிற அண்ணன் தம்பி, நகப்பூச்சு விற்கிற இளைஞன், அப்புறம் நான். நீங்கள் என்ன சார் தயாரிக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது, "பேச்சு" என்றேன். டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண். சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள்.

தள்ளி நின்று பார்த்தாலே, உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டி சொல்லிவிட வேண்டுமாம். சோப்பம்மா தன் பெட்டியின் நாலு பக்கமும் சோப்பின் மகிமைகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். முகப்பருவிலிருந்து மனக்கவலை வரை எல்லாம் போய்விடுமாம். டீச்சர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, சோப்புன்னு எங்க போட்டிருக்கீங்க?" என்றாள். போடவே இல்லை! அதிகமாகச் சிரித்தவன் நான்தான். அப்புறம்தான் என் பார்சல்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றின் மேலும் "உடையும், கவனம்" என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன். உள்ளே உடைகிற சாமான் ஒன்றுகூடக் கிடையாது.

அப்புறம், காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பது. சத்தம் வரக்கூடாது. பொருளுக்கு மிஞ்சிய பெட்டியாக இருந்தால், வழியெல்லாம் பொருள் அங்கேயும் இங்கேயும் முட்டிக்கொண்டே போகுமாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஹாலிலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து மறுபடி ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண் விஷயம் தெரிந்தவள்தான் என்று பட்டது.

ஒருநாள், ஒருவர் கட்டியதை இன்னொருவர் பிரிக்க வேண்டும் என்றாள். என்னுடையது நகப்பூச்சுத் தம்பியின் கையில் மாட்டியது. நான் கட்டுகிற விதம் உனக்குத் தெரியுமே. நீளவாக்கில் சுற்று, குறுக்கே சுற்று, எதற்கும் இருக்கட்டும் என்று மூலைக்கு மூலை இன்னொரு சுற்று. பாவம், நகத்தால் சுரண்டினான், சாவியால் கீறினான், கடைசியில் பல்லையே வைத்துவிட்டான். வகுப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. டீச்சர் என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க சார். இத யாராச்சும் பிரிக்கணுமா வேணாமா உங்களுக்கு?" என்று கேட்டாள். "பிரிக்கலாம்மா, தலைமுறைக்கு ஒரு தடவ" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படியிறங்கி வீட்டுக்கு நடந்தபோது சிரிப்பு அச்சகத்திலேயே தங்கிவிட்டது. கேள்வி மட்டும் கூட வந்தது.

அம்மா போன பிறகு நீ அவளுடைய அலமாரியைத் திறந்தாய். காலி. "அம்மாவோடதெல்லாம் எங்கப்பா? யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?" என்றாய். கொஞ்சம் மூடுங்களேன் என்று ஊரே கெஞ்சுகிற இந்த வாய் அன்றைக்குப் பார்த்துத் திறக்கவில்லை. நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நான் யாருக்கும் கொடுக்கவில்லையம்மா. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவள் வாசனை வந்தது. தாங்க முடியவில்லை. அதனால் கட்டினேன், காற்றுக்கூடப் புகாமல் கட்டினேன். பரணில் வைத்தும் தூக்கம் வராததால், ஒவ்வொன்றாக உனக்கு அனுப்பினேன். மேலே என்னவென்று எழுதத்தான் கை வரவில்லை. அந்தப் பச்சைப் புடவை, பொத்தான் டப்பா, ஊசி குத்தி வைக்கிற சிவப்புத் துணிப்பந்து, ஒரு கை மட்டும் தைத்து நின்றுபோன உன் ரவிக்கை, எல்லாம் உன் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன.

இப்போது அத்தை கொண்டுவந்திருக்கும் பெட்டி நானே செய்தது. முதல் பெட்டியை டீச்சர் மேஜையிலிருந்து கீழே போட்டுச் சோதித்தாள். உள்ளே இருந்ததன் முனை அட்டையைத் துளைத்துக்கொண்டு அவள் செருப்புக்குப் பக்கத்தில் வந்து குத்தியது. அன்றிலிருந்து எனக்கு ஒரு மரியாதை. இதில் முனைக்குத் தக்கை செருகியிருக்கிறேன். ஆட்டிப் பார், சத்தம் வராது. டேப் ஒரு துண்டுகூட இல்லை. மூடியின் மேல் உள்ளே இருப்பதன் உருவத்தை அதே அளவில் வரைந்திருக்கிறேன். அந்த வளைந்த கைப்பிடியைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். சோப்பம்மா ஒரே இழுப்பில் திறந்து பார்த்துவிட்டு, "யாரோடதுங்க?" என்றார். "எங்க வீட்டுக்காரியோடது" என்றேன். வகுப்பில் நான் ஜோக் அடிக்காமல் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

மற்ற பார்சல்களை அந்தக் கத்தரிக்கோலால் பிரி. துணி வெட்டுகிற கத்தரியில் காகிதம் வெட்டினாலே அவள் என்ன ஆட்டம் ஆடுவாள்! டேப்பை வெட்டினால் கேட்கவே வேண்டாம். நன்றாகத் திட்டு வாங்கு. பிறகு ஒருநாள் வந்து, என்னவெல்லாம் திட்டினாள் என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போ. நான் கேட்டு நாளாகிறது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, கண்ணு. பெட்டியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் போதும்.

உன் வாயாடி,
அப்பா