பக்கத்துச் சீட்டு பிரேக்

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலிருந்து தலைவலி. துவைத்துப் போட்ட துணி மாலைவரை காயவில்லை.

கொட்டகையிலிருந்து என் பழைய காரை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தோம். தள்ளியது நானும் துரையும். இவர் வாசலில் நின்றபடி, "பாத்து, பாத்து" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எந்தப் பக்கமும் சாயாத மனுஷன்.

பெற்ற மகனைத் துரை என்று எழுதுவது எனக்குப் பழகிவிட்டது. தோரணை அப்படி. ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவன் பத்தரைக்கு வந்தான், கையுறை மாட்டிக்கொண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட வண்டிகளுக்குச் சேதம் மதிப்பிடுகிற வேலை. எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவான். என் வண்டியைப் பார்த்தும் பிதுக்கினான். பின்சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. தரைத் தகடு துருவேறி, குனிந்து பார்த்தால் மண் தெரிகிறது.

"இதுக்கு உயிர் குடுக்கிறதுக்குள்ள நமக்குப் போயிடும்மா" என்றான்.

வண்டியைச் சரி பண்ணலாம் என்று போன மாதம் ஆரம்பித்ததே அவன்தான். இப்போது என்னவோ நான் காலில் விழுந்து கூப்பிட்ட மாதிரி.

பிப்ரவரி 16, ஞாயிறு

சீட்டுகளைக் கழற்றினோம். ஒரு நட்டு அசையவே இல்லை. எண்ணெய் விட்டு ஊற விடு என்றேன். கேட்கவில்லை, ஸ்பானரோடு மல்லுக்கு நின்றான். நட்டு உடைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலையைத் தூக்கி, "ஒண்ணும் சொல்லாம நிக்காத" என்றான். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்.

மார்ச் 2, ஞாயிறு

வெல்டர் வந்து புதுத் தரைத் தகடு வைத்தார். பிடித்த இடத்தில் எல்லாம் சூடு. அவர் போனபிறகு, டிரைவர் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் இந்த வண்டியை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். என் சொந்த வண்டி. ஆனால் நான் உட்கார்ந்தது எப்போதும் பக்கத்துச் சீட்டில். கால் அடியில் எனக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஸ்டியரிங் ஊரார் கையில். சாயங்காலம் கடைசி ஆளை இறக்கிவிட்டு வீடு வருகிற அந்தச் சின்னத் தூரம் மட்டும் நான் ஓட்டுவேன். அப்போதும் உடம்பில் பலம் இருக்காது, எப்போது படுப்போம் என்று இருக்கும்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் இதை ஓட்ட வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் வண்டிதானே.

மார்ச் 12, புதன்

மருமகள் ஃபோன் செய்தாள். நல்ல பெண், வாயில் எதுவும் தங்காது. நவம்பரில் பழைய கார்கள் ஊர்வலம் ஒன்று நடக்கப்போகிறதாம். அதற்கு அவன் பேர் கொடுத்துவிட்டானாம். ஓட்டுபவர் என்ற இடத்தில் தன் பேர். "நாம எல்லாரும் போலாம் அத்தை, நீங்களும் மாமாவும் சவுகரியமா பின்னாடி உக்காந்துக்கலாம்" என்றாள்.

பின்னாடி.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டேவிட்டேன். உப்புத்தாள் போட்டுக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய யார் ஓட்டப்போறது?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "நாந்தான். வேற யாரு?" என்றான். சின்ன வயதில் இந்த வண்டியின் பின்சீட்டில்தான் அவன் வீட்டுப்பாடம் எழுதினான், தூங்கினான், வாந்தி எடுத்தான். எல்லாம் உனக்குத்தான்டா என்று நானே சொல்லியிருக்கிறேனாம். எந்தத் தாய் சொல்லாமல் இருந்திருக்கிறாள்? அதை எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி பேசுகிறான்.

நான் ஓட்டத்தான் இதைச் சரி செய்கிறேன் என்றேன். சிரித்தான். அறுபத்தாறு வயசில் இந்தக் கனமான ஸ்டியரிங்கை ஒடிக்க முடியுமா என்றான். உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஒடித்தவள்தான் என்றேன். இவர் டீயைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

வந்தான். வேலை செய்தான். போனான். "அத எடு", "இதப் பிடி" தவிரப் பேச்சில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெயிண்டர் வந்தார். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த வெளிர்பச்சைதான் வேண்டும் என்கிறான் துரை. நான் ஸ்கூல் நடத்தியது மஞ்சளில். ஊரில் பாதிப் பேருக்கு அந்த மஞ்சளைப் பார்த்தால் இன்றும் கால் கிளட்சைத் தேடும். பெயிண்டர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்ல பேசி முடிச்சிட்டு கூப்பிடுங்கம்மா, நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்று டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பச்சையாம். பெயிண்டை முன்னாலேயே வாங்கி வைத்துவிட்டான், கேட்கவா போகிறான்.

ஏப்ரல் 9, புதன்

கண் டாக்டரிடம் போனேன். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள் என்றார். கூட வந்த இவரிடம், துரைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி வைத்தேன். சொல்ல மாட்டார். இவரைக் கட்டிக்கொண்டதில் இருக்கிற ஒரே லாபம் அது.

வீட்டுக்கு வந்தால் கொட்டகை திறந்து கிடக்கிறது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். பக்கத்துச் சீட்டுக்குக் கீழே இருந்த என் கிளட்ச், பிரேக் இரண்டையும் கழற்றிவிட்டான். கம்பி, கொக்கி, எல்லாம். ஒரு சாக்குப் பையில் கிடந்தன. இரும்பில் என் செருப்புத் தேய்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

"கம்பெனி வண்டியில இது கிடையாது. ஊர்வலத்துல போட்டியும் உண்டு, மார்க் போயிடும்" என்றான்.

நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து! கேட்டுவிட்டுச் செய்திருந்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் விட்டிருக்க மாட்டேன், அது அவனுக்குத் தெரியும். மார்க்காவது மண்ணாவது. அவனுக்கு அந்த பிரேக் மேல் பதினெட்டு வயதிலிருந்தே கோபம். நான் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது முக்குக்கு முக்கு அமுக்கினேனாம். நாலாவது நாள் வண்டியைத் தெரு நடுவில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனான். எங்கே போய்க் கற்றுக்கொண்டான்? எனக்குப் போட்டியாக இருந்த ஸ்கூலில். அந்த ஆள் இரண்டு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வருகிற ஆட்களை இழுத்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பச்சை அடித்தாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

மே 4, ஞாயிறு

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துச் சரி செய்து கொடுத்துவிட்டார். இன்று மாட்டி, சாவியைத் திருகினதும் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. கண் கலங்கிவிட்டது, புகையால் என்று வைத்துக்கொள்ளலாம். துரை பானெட்டைத் திறந்து வைத்து மூலைக்கு மூலை ஃபோட்டோ எடுத்தான். தொழில் புத்தி. பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மருமகளுக்கு வீடியோ அனுப்பினான். "என் வண்டி" என்றான் அதில். என் காதுபட.

மே 5, திங்கள்

அவன் ஆபீஸ் போயிருப்பான் என்ற தைரியத்தில், காலையில் இரண்டு பிளக் வயர்களை இடம் மாற்றிப் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை.

மே 11, ஞாயிறு

வண்டி இருமுகிறது, உதறுகிறது, பட்டாசு மாதிரி வெடிக்கிறது. கார்ப்பரேட்டரில் அடைப்பு என்று முடிவு கட்டி அதைக் கழற்றிக் கழுவினான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மனசு குளிர்ந்து கிடந்தது.

மே 18, ஞாயிறு

மறுபடி கார்ப்பரேட்டர். புது பிளக்குகள் வேறு வாங்கி வந்திருக்கிறான். பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றி அந்தந்த வயரிலேயே புதியதை மாட்டுகிறான். ஒழுங்கு. வெடிக்காமல் என்ன செய்யும்?

மே 25, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனேன். வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ச்சே, எனக்கு எதுவுமே உருப்படியா வராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். நான் வந்ததைப் பார்க்கவில்லை. தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்கு வயரை மாற்றிவிட வேண்டும். போதும்.

ஜூன் 1, ஞாயிறு

மாற்றவில்லை. வாரம் முழுக்க, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஏன்? தெரியவில்லை. மாற்றினால் தோற்ற மாதிரி இருந்தது.

வந்தான். நேராக அடுப்படிக்கு வந்து ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். ஒரு ஃபோட்டோ. தள்ளினான், இன்னொரு ஃபோட்டோ. "இது மே நாலு. இது போன வாரம். ரெண்டாவது வயரும் மூணாவது வயரும் தானா நடந்து போயிருக்கும்மா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்ல வரவில்லை. என் பிரேக்கைக் கழற்றினது நீ, வயரைக் கோணலாக்கினது நான், சரியாப் போச்சு என்றேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டான். "ஊர்ல கண்ணு தெரியாதவனுக்குக்கூட ஓட்டக் கத்துக்குடுத்த. எனக்கு மட்டும் ஏம்மா கடைசிவரைக்கும் பிரேக்லருந்து கால எடுக்கல?"

"உனக்கு வராது. அதான் எடுக்கல."

சொன்னேன். அடுப்பில் பால் பொங்கியது. அவன் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அவன் ஓட்டாத வண்டியா? வேலைக்காகத் தினம் ஒன்று ஓட்டுகிறான். ஒரு கீறல் விழுந்ததில்லை இதுவரை. தெரிந்துகொண்டே அப்படி ஏன் சொல்லணும்? வாய்க்கு வந்தது, சொன்னேன். போகட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வரவில்லை. மருமகளும் ஃபோன் செய்யவில்லை. "நீயே ஒரு வார்த்த கூப்பிடேன்" என்றார் இவர். இதுவே இவர் சாய்ந்ததாகக் கணக்கு. சண்டை பிடித்தேன் இவரோடும்.

வயர்களைப் பழையபடி மாற்றிப் போட்டேன். வண்டி பூ மாதிரி ஓடுகிறது. யாரிடம் சொல்ல?

ஜூலை 6, ஞாயிறு

கதவு ரப்பர்களை நானே ஒட்டினேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை மாட்டினேன். விரல் எல்லாம் பசை. வண்டி முடிந்தது. ஒரு திருகாணி பாக்கியில்லை.

ஜூலை 17, வியாழன்

காலையில் வெளிச்சம் வந்ததும் சாவியை எடுத்தேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தெருமுனைவரை முதல் கியர். பிறகு இரண்டு, மூன்று. ஸ்டியரிங் கனம்தான், துரை சொன்னது பொய்யில்லை. ஆனாலும் திரும்புகிறது, நான் சொன்னால் திரும்புகிறது. ஆற்றுப் பாலம்வரை போனேன். காற்று. பக்கத்துச் சீட்டு காலி. யாரும் பயந்து என்னைப் பார்க்கவில்லை, நானும் யாரையும் திட்டவில்லை. பாலத்தின் மறுபக்கம் நிறுத்திக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன். இவ்வளவுதான் நான் கேட்டது.

திரும்பும்போது நம் தெருவுக்குள் வலது பக்கம் ஒடித்தேன். பேப்பர் போடுகிற ஆள் சைக்கிளில் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை, திடீரென்று ஒரு கை, ஒரு ஹேண்டில்பார். மறுபக்கம் இழுத்தேன். அந்த ஆள் குதித்துவிட்டார். வண்டி முக்குவீட்டு மதில் தூணில் போய் மோதியது.

அவருக்கு அடி இல்லை. இல்லை என்று மூன்று தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிதறின பேப்பர்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். "கண்ணு தெரியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே" என்றார்.

இன்னும் ஒரு அடி தள்ளி வந்திருந்தால்... எழுத முடியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நானே கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுத்தான். "வண்டிய இடிச்சிட்டேன்" என்றேன். "உனக்கு?" என்றான். ஒன்றுமில்லை என்றதும் வைத்துவிட்டான்.

அரை மணியில் வந்தான், ஆபீஸ் பையோடு. இடது பக்க மட்கார்டு உள்ளே போயிருந்தது, பச்சை உரிந்து தகடு தெரிந்தது. குந்தி உட்கார்ந்து கையால் தடவினான். பிறகு வேலையில் கேட்கிற மாதிரியே கேட்டான். எங்கே, எந்த வேகம், எந்தப் பக்கம் ஒடித்தாய். நான் ஸ்கூல் பிள்ளை மாதிரி நின்று பதில் சொன்னேன்.

"சைக்கிள் எப்ப தெரிஞ்சுது?"

"தெரியல. பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியல. வலது கண்ல புரை. டாக்டர் ஓட்டாதன்னு ஏப்ரல்லயே சொல்லிட்டார்."

எழுந்து நின்றான். இதோ, இப்போது சொல்வான் என்று காத்திருந்தேன். உனக்கு வராது என்று. அவன் முறை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

"ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினியா?" என்று மட்டும் கேட்டான்.

ஜூலை 27, ஞாயிறு

எட்டு மணிக்கே வந்துவிட்டான். மட்கார்டைக் கடையில் கொடுக்கலாம் என்றேன், நாமே எடுத்துவிடலாம் என்றான். சக்கரத்தைக் கழற்றிவிட்டு நான் உள்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடித்தேன், அவன் வெளியிலிருந்து சுத்தியலால் தட்டினான். தகடு நடுவில் இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேல, கொஞ்சம் கீழ, அங்கதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தப்பாகப் பிடித்தால் "ம்ஹூம்" என்பான். இரண்டு தடவை அவன் தட்டியது சரியில்லை, நானும் சொன்னேன். கோபித்துக்கொண்டான். மறுபடி தட்டினான். மத்தியானத்துக்குள் பள்ளம் முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது. உள்ளங்கையில் இன்னும் அதிர்வு நிற்கவில்லை, எழுத்து கோணுகிறது.

கைகழுவும்போது, வியாழக்கிழமை கண் ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"எதுக்கு? கார் இருக்குல்ல" என்றான்.

யார் கார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்ஸிக்காரருக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.