வேறொருவருக்கு வந்த பூக்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலைக் குழுவில் முப்பத்தியொரு பேர். அதில் நான்கு பேர் காதில் வாங்கினார்கள், மிச்சப் பேர் போட்டோ எடுத்தார்கள். தொண்டை கட்டிக்கொண்டது. அலுவலகத்தில் எனக்கு ‘வானொலி’ என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. பதினாறு வருஷமாக இந்தக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டுகிறேன். உன்னை நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கு என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்டார்.

புது மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். நம் நட்சத்திரக்காரர், அதாவது வால்நட்சத்திரம் கண்டுபிடித்த வானியலாளர், இறந்து மே மாதத்தோடு நூறு வருஷம் ஆகிறதாம். கல்லறையில் வெண்கலப் பலகை பதிக்கப் போகிறார்களாம். பெரிய மனிதர்கள் எல்லாம் வருகிறார்களாம். தினமும் காட்டுகிறவள் நீதானே, பலகை பதிக்கிற ஆளுக்கும் இடத்தை நீயே காட்டிவிடு என்றார். சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எந்த இடத்தை?

இதை நான் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத. நட்சத்திரக்காரர் படுத்திருப்பது ஓடைக்கு அந்தப்பக்கம், கடைசி வரிசையில். நடந்தால் இருபது நிமிஷம். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நல்ல மழை. குழுவில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா. பாலத்தில் கணுக்கால் வரை சேறு. அவருக்கு நட்சத்திரக்காரரைப் பார்த்தே ஆகவேண்டும். என்ன செய்வது? பெரிய மரத்தடியில், பாதை ஓரமாகவே, அதே அளவில் ஒரு பழைய கல் இருந்தது. ஈய எழுத்துகள் எல்லாம் கொட்டிப்போய் வெறும் ஓட்டைகள்தான் மிச்சம். அதைக் காட்டி, வாய் கூசாமல், “இவர்தான்” என்றேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். அடுத்த நாள் முட்டி வலி. அதற்கடுத்த நாள் வெயில். அப்புறம் காரணமே தேவைப்படவில்லை. மரத்தடி, நிழல், போட்டோவுக்கு நல்ல வெளிச்சம். வாசலில் பூ வாங்கி வரச்சொல்லி, “நட்சத்திரக்காரருக்கு ஆளுக்கொரு பூ” என்று வைக்கவும் பழக்கிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

பலகை வருவதற்குள் ஏதாவது யோசிக்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

யோசிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மதியக் குழுவை அனுப்பிவிட்டு மரத்தடிப் பக்கம் திரும்பி வந்தேன், யாரோ குடையை விட்டுப்போயிருந்தார்கள். அந்தக் கல்லின் முன்னால் ஒரு அம்மா மண்டியிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். குழு வைத்துவிட்டுப் போன பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடியைத் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்தார். என் சட்டையில் இருந்த வில்லையைப் பார்த்துவிட்டு இங்கே வேலை செய்கிறவளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இது தன் அப்பா என்றார்.

எடுத்த குடையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ், வேறு ஊரில் இருக்கிறார். அப்பா இறந்த நாளுக்கு வருஷம் ஒருமுறை முதல் ரயிலில் வந்து, கூட்டம் வருவதற்கு முன்பே போய்விடுவாராம். இன்று ரயில் தாமதம். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அவர் கலக்கிக் கொடுத்த மருந்தில் அளவு தப்பி ஒரு சின்னப் பெண் இறந்துபோனாள். ஆறு வயது. கோர்ட்டு, பேப்பர், தெருவில் கல்லெறி எல்லாம் நடந்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தது இவரும் இவர் அம்மாவும் மட்டும். பின்னால் கல்லின் எழுத்துகள் விழுந்தபோதுகூட அவர் அம்மா சரிசெய்ய விடவில்லையாம். பேர் தெரியாமலே இருக்கட்டும் என்றாராம்.

“ஏழு வருஷமா நான் வரும்போதெல்லாம் பூ இருக்கு,” என்றார். “அதுக்கு முன்னாடி ஒரு வருஷம்கூட இருந்ததில்ல. அதுக்கு முந்தின வருஷம்தான் அந்தக் குழந்தையோட அம்மா இறந்ததா பேப்பர்ல பார்த்தேன். சாகறப்போ பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருப்பாங்க. மன்னிச்சிட்டாங்க போலிருக்கு. நீங்க அவங்களைப் பார்த்திருக்கீங்களா?”

சொல்லியிருக்கலாம். அங்கேயே, அப்போதே. நான் என்ன சொன்னேன்? “நிறைய பேர் வர்றாங்கம்மா” என்றேன். பொய் இல்லை பாருங்கள்! ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்களிடம் கொடுக்கும்படி ஒரு உறையைக் கொடுத்தார். ஒவ்வொரு வருஷமும் கொண்டு வருவாராம், கொடுக்க ஆள் கிடைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போவாராம். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேனே!

மார்ச் 12, வியாழன்

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தபால் பிரிக்கிற வேலை, கேட்பதற்குப் பொறுமை உண்டு. மழையும் சக்கர நாற்காலியும் வரைக்கும் சிரித்தார். நர்ஸம்மா வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆபீஸில் சொல்லிவிடு, அந்த அம்மாவிடம் மட்டும் சொல்லாதே, இந்த வயதில் அதையும் எதற்குப் பிடுங்க வேண்டும் என்றார். எனக்கும் அதுதான் சௌகரியம். சௌகரியமாக இருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

ஓடைக்கு அந்தப்பக்கம் போனேன். ஏழு வருஷத்துக்கு அப்புறம். நட்சத்திரக்காரரைக் காணோம். இடுப்பளவு முள். தோட்டக்காரர் அரிவாளோடு வந்து வழி வெட்டிக் கொடுத்தார். அவருக்கு எல்லாம் தெரியும், ஆரம்பத்திலிருந்தே. அதை வைத்து என்னை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கிறார். இன்று கிண்டல் இல்லை.

“யாரும் வர்றதில்லையேன்னு நானும் வெட்டறதை விட்டுட்டேன்,” என்றார். அவர் என்னவோ சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்தே கண் போன மனுஷன். அவரைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் ரயிலேறி வந்தார்கள்.

மார்ச் 18, புதன்

உறையைப் பிரித்துப் படித்துவிட்டேன். ஒட்டியிருந்தது. பிரித்தேன்.

ஒரே பக்கம். உங்கள் மகள் பெயரை என் அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறார். அவர் கை நடுங்கியது அன்றைக்கு ஒருநாள்தான், எங்களுக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் தூங்காமல் இருந்தார், இது சாக்கு அல்ல என்று எழுதியிருக்கிறார். கடைசியில், ‘மன்னித்துவிட்டீர்களா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. பூ வைத்தீர்கள். எனக்கு அது போதும்.’

வைத்தது யார்? வாசலில் பேரம் பேசி வாங்கிய பூ. போட்டோவுக்கு வைத்த பூ.

சீ.

மார்ச் 20, வெள்ளி

மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவார், வில்லையைக் கழற்றி வை என்பார் என்று நினைத்துப் போனேன். அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு, வருகிறவர்கள் வயதானவர்கள், அவ்வளவு தூரம் எப்படி நடப்பார்கள் என்று என்னையே கேட்டார். ஏழு வருஷத்துப் போட்டோக்கள் ஊரெல்லாம் இருக்கின்றன, இப்போது போய் மாற்றினால் நம் மானம் கப்பலேறும் என்றார். பலகையை மரத்தடியிலேயே பதித்துவிடலாமாம். பதிவேட்டை யார் புரட்டப்போகிறார்கள் என்றார்.

அப்படியானால் மருந்துக்கடைக்காரர்? அவர் மேலேயே வேறொருத்தர் பெயரா?

“அவரோட சொந்தக்காரங்க யாராவது ஆட்சேபம் எழுதிக் குடுத்தா நிறுத்தித்தான் ஆகணும்,” என்றார். “யாராவது இருக்காங்களா?”

தெரியல சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்த வாய் இருக்கிறதே, வேண்டாத இடத்தில் கொட்டும், வேண்டிய இடத்தில் வறண்டுவிடும். உறையின் பின்பக்கம் விலாசம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் பையிலேயே இருந்தது.

மார்ச் 21, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இனிமேல் அந்த அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது இல்லையா என்றேன். முடியாது என்றார். கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் மறக்க முடியாது. குடுத்துட்டீங்களா, என்ன சொன்னாங்க என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் நான் பூசி மெழுகிவிடுவேன். நின்றபடியே சொன்னேன். மழை, சக்கர நாற்காலி, முட்டி வலி, நட்சத்திரக்காரர், பூ, பலகை. எல்லாவற்றையும்.

அந்த அம்மா துணிகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நர்ஸுகள் கேட்பது மாதிரி, முகத்தில் ஒன்றும் தெரியாமல். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஒரு பூகூட அவங்க வெச்சதில்லையா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா.”

உறையைக் கேட்டார். கொடுத்தேன். பிரிந்திருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“ஏழு வருஷத்துல அதைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான்,” என்றார். “போயிட்டு வாங்க” என்றுகூடச் சொல்லவில்லை. “போங்க” என்றார். படியில் நான் இறங்கும்போது கதவு சாத்துகிற சத்தமும் கேட்கவில்லை. திறந்துபோட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாரோ என்னவோ. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அந்த அம்மாவின் ஆட்சேபக் கடிதம் வந்துவிட்டது. இரண்டே வரியாம். என் பெயரை அதில் எழுதவில்லையாம். எழுதியிருக்கலாம்.

மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பலகை ஓடைக்கு அந்தப்பக்கமே போகிறது. வருகிறவர்கள் நடக்கப் பாலத்தில் மரப்பலகை அடிப்பார்களாம். நாளையிலிருந்து நான் சுற்றிக்காட்ட வேண்டாம், நுழைவுச்சீட்டு ஜன்னலும் பதிவேடுகளும். கேட்டபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மே 19, செவ்வாய்

விழா. ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் ஓடையைத் தாண்டி நடந்தே போனார்கள். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் போனார்.

செப்டம்பர் 8, செவ்வாய்

மரத்தடியில் இப்போது யாரும் நிற்பதில்லை. சருகு விழுந்து கிடக்கிறது. சாயங்காலம் போகிற வழியில் ஒரு பூ வாங்கி வைக்கலாமா என்று வாசல் வரைக்கும் போய்விட்டேன். வாங்கவில்லை. வைத்தால் அதுவும் யாருடைய பெயரிலோ வைத்த மாதிரிதான். சருகை மட்டும் கூட்டித் தள்ளிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, புதன்

நாளைக்கு லீவு போட்டுவிடலாமா என்று கேட்டேன். எத்தனை வருஷத்துக்குப் போடுவாய் என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 11, வியாழன்

வந்தார். வாசல் திறந்ததும் முதல் ஆள். கையில் ஒரே ஒரு கொத்துப் பூ. நான் ஜன்னலுக்குப் பின்னால் குனிந்து ரப்பர் முத்திரையைத் தேடுகிற மாதிரி நடித்தேன். இந்த வயசில், கூச்சமில்லாமல்.

“உங்ககிட்டதான் வந்தேன்,” என்றார்.

ஒரு துண்டுச்சீட்டை உள்ளே நீட்டினார். ஒரு பெண்ணின் பெயர், ஒரு தேதி. பார்த்ததுமே புரிந்தது. அந்தக் குழந்தை. இதே ஊர்க் குழந்தை, இதே தோட்டத்தில்தான் இருக்க வேண்டும், பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் அலமாரியைத் திறந்தபோது என் முதுகுக்குப் பின்னால் பேசினார்.

“அவங்க வரணும், வரணும்னே இருந்துட்டேன். நான் போகணும்னு எனக்கு ஒருநாள்கூடத் தோணல.”

அந்த வருஷத்துப் பதிவேடு கரையான் அரித்தது. பக்கங்களைப் பதமாகப் புரட்ட வேண்டியிருந்தது. கிடைத்தது. இன்னொரு தடவை பார்த்தேன். சுவரில் இருக்கிற வரைபடத்தோடும் ஒத்துப் பார்த்தேன். ஜன்னலைத் தோட்டக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அந்த அம்மாவோடு நடந்தேன். பதினாறு வருஷம் வாய் மூடாமல் நடந்த பாதை. இன்று வரிசை எண்ணை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். மரத்தடியைத் தாண்டும்போது அந்த அம்மா நிற்பார் என்று நானும் நின்றேன். அவர் பூவோடு நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

“அப்பாவுக்கு?” என்றேன்.

“அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்.”

கொஞ்ச தூரம் போனதும், என்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நினைக்கலம்மா என்றேன். நிஜமாகவே நினைக்கவில்லை.

சுவரோரம், சின்னக் கற்கள் இருக்கிற பகுதி. வரிசையை எண்ணிக்கொண்டே போய் நின்றேன். முழங்கால் உயரம்கூட இல்லாத கல்.

“இதுதானா?”

“இதுதாம்மா. மூணு தடவை பார்த்துட்டேன்.”

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் குனிந்து, பாசியை நகத்தால் சுரண்டி, கல்லில் இருந்த பெயரை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தானே படித்தார். தேதியையும் படித்தார். அதற்கப்புறம்தான் பூவை வைத்தார்.