யாளிப் பேழையில் தவளை வந்த செய்தி

இல்லை, இவ்வாண்டு யாளி முதல் மணிக்கே மூழ்கவில்லை. யாளி களத்துக்கே வரவில்லை. இம்முறையும் மூழ்கிற்றோ என்று முன் ஓலையில் தாங்கள் வினவியதற்கு விடை இதுவே. மற்றதைக் கேட்டபின் சினப்பதோ சிரிப்பதோ தங்கள் திருவுள்ளம்.

மூன்று அருவிகளுக்கு உரியவரும், முகில் தவழும் கோட்டையில் வீற்றிருப்பவரும், வழிப்போக்கர்க்கும் வாயில் அடைக்காதவருமான வெள்ளருவி நாட்டுப் பெருமாட்டி முகிலாண்டாள் திருமுன், எண்ணாட்டு விழா நடக்கும் ஏரிக்கரையிலிருந்து தூதன் செந்நாவன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அருவிகள் வற்றாதிருக்க. தங்கள் மாடத்துப் புறாக்கள் வழி தவறாதிருக்க. இதைப் படிக்கும்போது தங்கள் அருகே சினமூட்டுவோர் எவரும் இல்லாதிருக்க.

அவையில் இவ்வோலையைக் கேட்கும் இளையோர் பொருட்டு ஒரு சொல். எட்டு நாடுகளும் ஆண்டுக்கொருமுறை தத்தம் கொடிச் சின்னத்தை ஒரு வீரர்மேல் உடையாக அணிவித்து, ஏரி நடுவே மிதக்கும் மரமேடையில் மோதவிடுகின்றன. வாள் இல்லை, வேல் இல்லை. தள்ளலும் தாவலும் எற்றலுமே உண்டு. ஒவ்வொரு சின்னத்தின் கழுத்திலும் மூன்று மாலைகள். நீரில் விழுந்தது பத்து எண்ணுமுன் மேடை ஏறாவிடில் ஒரு மாலை போகும். மூன்றும் போனால் அது கரை சேர வேண்டும். வென்ற நாட்டிலேயே அடுத்த விழா. பாலைநாட்டுக் கதைகளில் செம்புநரியை வென்றவர் இல்லை. பனிநாட்டுக் கதைகளில் வெண்கரடிக்கு நிகர் இல்லை. தீவுநாட்டார் தங்கள் நண்டரசன் கடலையே கிள்ளி எடுத்தான் என்பர். ஒரு கதையில் ஒருபோதும் சந்திக்காத இவர்கள் ஒரே மேடையில் முட்டிக்கொள்வதைக் காணும் இன்பத்துக்காகவே மக்கள் மலை தாண்டி வருகின்றனர். நம் நாட்டில் அவ்விழா இதுவரை ஒருமுறையும் நடந்ததில்லை.

யாளியின் முகம் களம் காணுமுன் வெயில் காணலாகாது என்பது நம் வழக்கம். ஆகவே அரண்மனையில் செம்பட்டு சுற்றிக் கட்டிய பேழையை ஒன்பது நாள் வழியிலும் எவரும் திறக்கவில்லை. மேடையருகே, கறுப்புப் போர்வைக்குள் தலையை விட்டு, நம் வீராங்கனை நீலம்பை அதைத் திறந்தாள். உள்ளே இருந்தது மழைவிழாக் கூத்தில் அரண்மனைப் பிள்ளைகள் உள்ளே புகுந்து ஆடும் பச்சைத் தவளை உடை. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது, வயிறு நிறைய இலவம்பஞ்சு. யாளிப் பேழைக்கும் தவளைப் பேழைக்கும் ஒரே செம்பட்டு சுற்றியவர் யார் என்று தூதன் இப்போது கேட்கவில்லை. 

அதற்குள் முரசறைவோன், வெள்ளருவியின் யாளி வருக என்று முழங்கிவிட்டான். நீலம்பை வேறு வழியின்றித் தவளைக்குள் புகுந்தாள். போர்வை விலகியது, தவளை எழுந்து நின்றது. கரை முழுவதும் வெடித்துச் சிரித்தது. பனிநாட்டுத் தூதர் வெண்கோமான் எழுந்து, தங்கள் யாளி நனைந்து சுருங்கிவிட்டதோ என்று வினவினார். சுருங்கவில்லை ஐயா, குளிக்க வந்திருக்கிறது, தங்கள் கரடிக்கும் முதுகு தேய்த்துவிடும் என்று நீலம்பை தவளையின் வாய்க்குள்ளிருந்து விடை சொன்னாள். பிறகு சிரிப்பு நம் பக்கம் திரும்பிவிட்டது.

பெருமாட்டியே, பிறகு நடந்ததைத் தாங்கள் காணவில்லையே என்பதொன்றே தூதனின் வருத்தம். செம்புநரி பாய்ந்து முட்டியது. பஞ்சு வயிறு அடியை வாங்கி, நரியையே நீருக்குள் எறிந்தது. நண்டரசன் கால் பற்றி இழுத்து வீசினான். தவளை நீரில் விழுந்து, மூழ்காமல், பந்துபோல் மிதந்து, ஆறு எண்ணுமுன் மேடை ஏறி, அவன் முதுகிலேயே குந்தியது. விழுவதும் எழுவதுமாக ஒன்பது முறை! அவற்றுள் இருமுறை மட்டுமே எண்ணிக்கை பத்தைத் தாண்டி மாலை போயிற்று. எட்டாம் முறை முதல் கரையே எண்ணத் தொடங்கியது. பொழுது சாய்ந்தபோது மேடையில் எஞ்சியவை இரண்டே, வெண்கரடியும் தவளையும். இரண்டின் கழுத்திலும் ஒவ்வொரு மாலை. இறுதிப்போர் நிறைமதி நாள் உச்சிப்பொழுதில்.

அன்று சொட்டச் சொட்ட நனைந்து வந்த நீலம்பை, நான்கு ஆண்டுகள் யாளியின் வெண்கலச் செதில்களோடு ஏரியின் அடியை மட்டுமே பார்த்தேன், மேடையிலிருந்து வானத்தை இன்றுதான் பார்த்தேன் என்றாள். நாம் இத்தனை ஆண்டும் வீரக்குறை என்று நாணியது வெறும் எடை என்று தூதனுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இப்போது இடையூறு. கொடியில் இல்லாத உரு மேடையில் நிற்பது முறையன்று என்று வெண்கோமான் முறையிட்டார். ஏரியின் நடுவர் சட்ட ஏடு புரட்டி, முறையீடு செல்லும் என்றார். முதல்நாள் ஏறிய சின்னமே இறுதியிலும் ஏற வேண்டும், அது தன் நாட்டுக் கொடியில் உண்டு என்று ஆள்பவர் முத்திரை சொல்ல வேண்டும், போர்முரசுக்கு முன் முத்திரை வராவிடில் தவளை இறங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இதைக் கேட்டு நரியின் நாட்டாரும் நண்டின் நாட்டாரும் நமக்காக முணுமுணுத்தனர். நீலம்பை தவளையின் தலையைக் கொம்பில் மாட்டி வெயிலில் காயவைத்தாள். காய்ந்த பிறகும் அதனருகிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஏழு தலைமுறைக் கொடியைத் தொடச் சொல்லத் தூதனுக்கு நா எழவில்லை. ஆயினும் எழுதுகிறான். யாளி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிடரியில் ஓர் இழையும் குறைய வேண்டாம். அதன் வலக்காலருகே ஓர் உள்ளங்கை அளவு பச்சைத்துணி போதும், ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக.

நிறைமதிக்கு இன்னும் ஏழு நாள். குதிரை வர மூன்று, மீள மூன்று. தங்கள் திருவுள்ளம் இரங்க ஒன்று. இதைச் சுமந்து வரும் குதிரைவீரன் கூத்தனுக்குத் தூதன் இட்ட ஆணை: தங்கள் விடை கைக்கு வரும்வரை சேணம் இறக்கற்க.

இது செந்நாவன் சொல்ல ஏரிக்கரை எழுத்தன் எழுதி, தூதனின் மோதிரம் பதித்தது. தவளைக்கு இடம் தந்தருள்க. தங்கள் முத்திரைக்கென இவ்வோலையின் அடியில் இரு விரல் அகலம் எழுதாமல் விடப்பட்டுள்ளது.